மருந்து அடிக்க அடிக்க பூச்சி கூடுது... ஏன்? மிளகாய், கத்திரித் தோட்டங்களில் நடப்பது என்ன?

மிளகாய்ச் செடியில் இலை சுருள ஆரம்பித்துவிட்டால் ஒரு சிறு விவசாயிக்கு அன்று தூக்கம் போய்விடும். மறுநாள் காலையிலேயே மருந்துக்கடைக்குப் போவார். "இலை சுருட்டுது, ஏதாச்சும் குடுங்க" என்பார். ஒரு பாட்டில் கைக்கு வரும். அடிப்பார். பத்து நாள் கழித்துப் பார்த்தால் சுருட்டல் குறைந்திருக்காது, சில தோட்டங்களில் அதிகமாகக்கூட ஆகியிருக்கும். திரும்பவும் கடை, திரும்பவும் ஒரு பாட்டில்.

இந்தச் சுற்றில் போவது காசு மட்டும் இல்லை. அடிப்பவரின் உடம்பு, காயில் தங்கும் நஞ்சு, அதை வாங்கிச் சமைக்கும் நம் வீடு என எல்லாமே இதில் மாட்டிக்கொள்கிறது. மருந்து அடித்தும் பூச்சி ஏன் அடங்குவதில்லை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இலை சுருளுது... ஆனால் எந்தப் பக்கம்?

மிளகாயில் இலை சுருள்வதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் வேறு வேறு எதிரிகள்.

முதல் ஆள் இலைப்பேன். இது மிகச் சிறிய, மெலிந்த பூச்சி. இலையைச் சுரண்டிச் சாறை உறிஞ்சும். இது தாக்கினால் இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும், பார்ப்பதற்குப் படகு போல இருக்கும்.

இரண்டாவது ஆள் மஞ்சள் சிலந்தி. விவசாயிகள் 'முரணை' என்று சொல்வது இதன் வேலையைத்தான். இது தாக்கினால் இலை கீழ்நோக்கிக் கவிழும். இலைக்காம்பு நீண்டு, இலை குறுகி, தடித்துப்போகும். இந்தச் சிலந்தியின் நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்குத் தெரிவது ரொம்பக் கஷ்டம்.

மூன்றாவது காரணம் வைரஸ். இதை வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கடத்துகிறது. இலைகள் சிறுத்து, நெருக்கமாகக் கொத்துக் கொத்தாக நிற்கும். செடி வளராமல் குட்டையாகிவிடும். வைரஸ் வந்த செடியைக் காப்பாற்ற எந்த மருந்தும் கிடையாது. பிடுங்கி எறிவதுதான் ஒரே வழி.

ஆக, 'இலை சுருட்டுது' என்ற இரண்டே வார்த்தையை வைத்துக்கொண்டு மருந்து வாங்கினால், அது சரியான மருந்தாக அமைவது அதிர்ஷ்டம்தான். மேலே சுருண்டால் பேன், கீழே கவிழ்ந்தால் சிலந்தி. இதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

சிலந்தி பூச்சியே இல்லை!

பூச்சிகளுக்கு ஆறு கால். வளர்ந்த சிலந்திப்பேன்களுக்கு எட்டு கால். இவை வீட்டில் வலை கட்டும் சிலந்தி, மாட்டைக் கடிக்கும் உண்ணி ஆகியவற்றின் சொந்தக்காரர்கள். பூச்சி இனத்தில் சேராதவை.

கால் எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பூச்சியைக் கொல்லத் தயாரித்த பல மருந்துகள் சிலந்தியை ஒன்றும் செய்யாது. இமிடாகுளோபிரிட் ஒரு நல்ல உதாரணம். சாறு உறிஞ்சும் பல பூச்சிகளை அது கட்டுப்படுத்தும், சிலந்தியை அல்ல. சிலந்திக்கென்றே தனி மருந்துகள் உண்டு: ஸ்பைரோமெசிஃபென், ஃபென்பைராக்சிமேட், ப்ரோபார்கைட் போன்றவை. நனையும் கந்தகத் தூளும் பழைய, விலை குறைந்த ஆயுதம்.

கத்திரி, வெண்டையில் வருவது பெரும்பாலும் செஞ்சிலந்தி. இலையின் மேல்புறம் வெளிர் புள்ளிகள் தெரியும். திருப்பிப் பார்த்தால் அடியில் மெல்லிய நூலாம்படையும் நகரும் சிவப்புப் புள்ளிகளும் இருக்கும். வெயில் காலத்தில், அதிலும் புழுதி படியும் ரோட்டோரத் தோட்டங்களில், இதன் ஆட்டம் அதிகம்.

அடித்த பிறகு கூடுவது எப்படி?

இதுதான் பலருக்கும் புரியாத புதிர். காரணம் மூன்று.

ஒன்று, காவல்காரனைக் கொன்றுவிடுகிறோம். தோட்டத்தில் செடியைத் தின்னும் சிலந்தியும் இருக்கிறது, அந்தச் சிலந்தியைத் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்தியும் இருக்கிறது. பொறி வண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி எல்லாம் அசுவினியையும் வெள்ளை ஈயையும் தின்று தீர்ப்பவை. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்தால் இந்த நன்மை செய்யும் உயிர்கள்தான் முதலில் சாகும். செஞ்சிலந்தி பெரும்பாலும் தப்பித்துவிடும். எதிரியும் இல்லை, போட்டியும் இல்லை. அப்புறம் கேட்கவா வேண்டும்?

இரண்டு, எதிர்ப்புத் திறன். நல்ல வெயிலில் ஒரு செஞ்சிலந்தி முட்டையிலிருந்து பெரிதாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஒரு பெண் சிலந்தி நூறு முட்டை வரை இடும். மருந்து அடிக்கும்போது ஆயிரத்தில் நாலைந்து தாக்குப்பிடிக்கும். அடுத்த தலைமுறை முழுவதும் அந்த நாலைந்தின் பிள்ளைகள். அதே மருந்தை நான்கைந்து முறை தொடர்ந்து அடித்தால், மருந்துக்கு அசையாத ஒரு கூட்டத்தை நாமே வளர்த்துவிடுகிறோம்.

மூன்று, யூரியா. செடி பச்சைப்பசேல் என்று வரவேண்டும் என்று தழைச்சத்தை அதிகம் போட்டால், இளம் தண்டும் இலையும் மென்மையாகிவிடும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு அது விருந்துதான்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இந்தோனேசியாவில் நெல்லைப் புகையான் தாக்கியபோது விவசாயிகள் மருந்தாக அடித்துத் தள்ளினார்கள். புகையானைத் தின்னும் சிலந்திகள் அழிந்து, புகையான் இன்னும் பெருகியது. 1986-ல் அந்நாட்டு அரசு நெல்லுக்குப் பயன்படுத்திய 57 பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை போட்டது. பின்னர் விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்துப் பூச்சிகளை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தது. 'வயல்வெளிப் பள்ளி' என்ற முறை உலகம் முழுக்கப் பரவியது அங்கிருந்துதான்.

2021-ல் மிளகாய்க் காட்டைக் கலங்கடித்த கறுப்புப் பேன்

2021-ம் ஆண்டின் கடைசியில் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களில் ஒரு புது ஆள் நுழைந்தது. தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த கறுப்பு இலைப்பேன். இந்தியாவில் இது 2015-லேயே பப்பாளியில் பதிவானது. ஆனால் மிளகாயில் இந்த அளவுக்குப் பரவும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

வழக்கமான இலைப்பேன் இலையைச் சுரண்டும். இது பூவுக்குள் கூட்டமாக உட்கார்ந்துகொள்ளும். பூ உதிரும், காய் பிடிக்காது. பூவுக்குள் இருப்பதால் மருந்து சரியாகப் படாது. கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணில் கழிப்பதால் அப்போதும் தப்பிவிடும். குண்டூர் பக்கம் விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்தடித்தும் அடங்காமல், பயிரையே பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு.

இதில் நமக்கும் பாடம் இருக்கிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிளகாயை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கேயும் ஏராளம். ஒரு புதுப் பூச்சி வந்தால் முதலில் தேவை அதை அடையாளம் காண்பது. மருந்து அதற்குப் பிறகுதான்.

கத்திரிக்காய்ப் புழுவுக்கு மருந்து ஏன் எட்டுவதில்லை?

அதே 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இன்னொரு காய், வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். கத்திரி என்றாலே விவசாயிக்கு நினைவு வருவது தண்டு மற்றும் காய்த்துளைப்பான்.

இதன் தாய் அந்துப்பூச்சி இலையிலும் மொட்டிலும் முட்டை இடும். பொரித்த புழு சில மணி நேரத்திலேயே தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். நுழைந்த ஓட்டையைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு வெளியே எவ்வளவு மருந்து அடித்தாலும் உள்ளே இருக்கும் புழு நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும். மருந்து வேலை செய்வது பொரித்து நுழைவதற்கு இடைப்பட்ட அந்தச் சில மணி நேரம் மட்டுமே.

அந்த நேரம் எப்போது வரும் என்று தெரியாததால்தான் வாரம் ஒருமுறை, சிலர் வாரம் இருமுறை என்று அடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்போ பி.டி. கத்திரி தீர்வா?

மரபணு மாற்றிய பி.டி. கத்திரி குறிவைப்பது இந்த ஒரு புழுவைத்தான். இந்தியாவில் 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. எதிர்ப்புகள் கிளம்பியதால், 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். வங்கதேசமோ 2014-ல் விவசாயிகளுக்கு விதை கொடுத்துவிட்டது.

இதில் ஆதரவு, எதிர்ப்பு இரண்டுக்கும் வாதங்கள் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். புழுவுக்கான இந்த விதை செஞ்சிலந்தியையோ வெள்ளை ஈயையோ தடுக்காது. அதற்கு வேறு வழி பார்த்தே ஆகவேண்டும்.

மருந்துக்கடைதான் ஆஸ்பத்திரி

அரை ஏக்கர் மிளகாய் வைத்திருப்பவருக்கு ஒரு தடவை அடிக்க மருந்தும் கூலியும் சேர்த்து 1,500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து தடவை அடித்தால் 15,000 ரூபாய். இதில் பாதி மருந்து தவறான ஆளுக்கு அடித்தது என்றால், 7,500 ரூபாய் காற்றோடு போச்சு. அந்தப் பணமும் பல நேரம் கடன்தான். கடையில் கணக்கு வைத்து வாங்கி, காய் விற்ற பிறகு கொடுப்பார்கள்.

கடன் இருக்கும் கடையை விட்டு வேறு கடைக்குப் போகவும் முடியாது, "இது வேண்டாம்" என்று சொல்லவும் தயக்கம். ஆபீசர் எப்போது வருவார் என்று தெரியாது. கடைக்காரர் காலை ஏழு மணிக்கே இருப்பார். அப்புறம் டாக்டர் யார்? கடைக்காரர்தான்.

எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. விஷயம் தெரிந்து நல்ல யோசனை சொல்பவர்களும் உண்டு. இடுபொருள் விற்பனையாளர்களுக்காகவே ஹைதராபாத்தில் உள்ள 'மேனேஜ்' நிறுவனம் ஓராண்டு டிப்ளமோ படிப்பு நடத்துகிறது. ஆனாலும், நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒரே ஆளாக இருக்கும்போது "இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஒரு வாரம் பாருங்க" என்ற வார்த்தை வருவது அபூர்வம்.

இன்னொரு பழக்கம், கலவை. புழுவுக்கு ஒன்று, பேனுக்கு ஒன்று, கூடவே டானிக் என்று எல்லாவற்றையும் ஒரே டேங்கில் ஊற்றி அடிப்பது. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று கடைசிவரை தெரியாது. செடி கருகும் ஆபத்தும் உண்டு.

தடை போட்டால் தீர்ந்துவிடுமா?

அரசு சும்மா இருந்துவிடவில்லை. மோனோகுரோட்டோபாஸை காய்கறிகளில் பயன்படுத்தக்கூடாது என்று 2005-லேயே உத்தரவு வந்துவிட்டது. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. 2023-ல் மத்திய அரசு டைகோஃபால், டினோகேப், மெத்தோமில் ஆகியவற்றோடு மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலையும் தடைப் பட்டியலில் சேர்த்தது.

இதில் டைகோஃபால் பழைய சிலந்தி மருந்து. நஞ்சு போனது நல்லதுதான். ஆனால் பழைய மருந்து போன இடத்தில் விவசாயிக்குப் புதிதாக என்ன சொல்லிக்கொடுத்தோம் என்ற கேள்வி இருக்கிறதே. பாட்டிலை மட்டும் மாற்றி, பழக்கத்தை மாற்றாமல் விட்டால் புது மருந்தும் சில வருடங்களில் பலிக்காமல் போகும்.

சரி, என்னதான் செய்யணும்?

வேளாண் விஞ்ஞானிகள் இதை 'ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை' என்கிறார்கள். பேர் பெரிசா இருந்தாலும் விஷயம் எளிமையானது. மருந்தை முதல் வேலையாக இல்லாமல் கடைசி வேலையாக வைத்துக்கொள்வது. சின்னத் தோட்டத்துக்கு ஏற்ற சில வழிகள் இங்கே:

நாற்றிலேயே காவல்: வைரஸ் பெரும்பாலும் இளம் செடியில் நுழைந்தால்தான் சேதம் அதிகம். நாற்றங்காலை நெருக்கமான நைலான் வலையால் மூடினால் வெள்ளை ஈ உள்ளே வராது.

வரப்பில் வேலி: மிளகாயைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளமோ மக்காச்சோளமோ நெருக்கமாக விதைக்கலாம். காற்றில் வரும் பேனையும் வெள்ளை ஈயையும் அது ஓரளவு தடுக்கும். மாட்டுக்குத் தீவனமும் ஆச்சு.

வெள்ளைத் தாள் சோதனை: வாரம் இருமுறை, தோட்டத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் சில செடிகளின் பூவையும் கொழுந்தையும் வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். ஓடும் மெலிந்த பூச்சி என்றால் பேன். இலையைத் திருப்பி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸால் பாருங்கள். லென்ஸ் இல்லையா? செஞ்சிலந்தி என்றால், செல்போனில் நெருக்கமாகப் படம் எடுத்துப் பெரிதாக்கினாலே நகரும் புள்ளிகள் தெரியும்.

ஒட்டுப்பொறி: மஞ்சள் அட்டை வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும், நீல அட்டை இலைப்பேனுக்கு. பூச்சி வந்துவிட்டதா, கூடுகிறதா என்று சொல்லும் கடிகாரம் போல இது. இதை மட்டும் நம்பிப் பூச்சியை ஒழிக்க முடியாது.

கத்திரிக்குக் கத்திரி: வாடித் தொங்கும் நுனித் தண்டுகளை வாரம் ஒருமுறை புழுவோடு வெட்டி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழிக்க வேண்டும். வரப்பில் போட்டால் புழு பிழைத்துவிடும். ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை ஹெக்டேருக்கு 12 என்ற கணக்கில் வைக்கலாம். அறுவடை முடிந்த பழைய கத்திரி மாறுகளை விறகுக்காகத் தோட்டத்தோரம் குவித்து வைப்பதைத் தவிர்க்க வேண்டும். அடுத்த பயிருக்கான அந்துப்பூச்சி அதிலிருந்துதான் கிளம்பும்.

வேப்பங்கொட்டைக் கரைசல்: 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்கலாம். வெயில் பட்டால் வீரியம் குறையும் என்பதால் சாயங்காலம் அடிப்பது நல்லது. இது பூச்சியை உடனே சாகடிக்காது. தின்ன விடாது, வளர விடாது. ஆரம்பத்திலேயே அடித்தால்தான் பலன்.

தண்ணீரும் ஒரு மருந்து: செஞ்சிலந்தி ஆரம்பக் கட்டத்தில் இருந்தால், இலையின் அடிப்புறம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதே கூட்டத்தைக் குறைக்கும். புழுதியும் போகும்.

கந்தகம் அடிக்கும்போது கவனம்: உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் போன்ற எண்ணெய் வகை அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்கக்கூடாது.

கெமிக்கல் மருந்து தேவைப்பட்டால்: ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல், வேறு விதமாக வேலை செய்யும் மருந்துக்கு மாற்ற வேண்டும். பேர் வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ரசாயனம் ஒன்றாக இருக்கலாம், எனவே லேபிளைப் படியுங்கள். அந்தப் பயிருக்கும் அந்தப் பூச்சிக்கும் பரிந்துரை இருக்கிறதா, அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பது அதில் இருக்கும். பில் கேட்டு வாங்குங்கள்.

லேபிளில் இருக்கும் முக்கோணத்தையும் பாருங்கள். சிவப்பு என்றால் அதிகபட்ச நஞ்சு. அடுத்தது மஞ்சள், பிறகு நீலம். பச்சை இருப்பதிலேயே குறைவு. பச்சை என்றாலும் நஞ்சு நஞ்சுதான். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல், காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக்கூடாது.

மருந்தே இல்லாமல் ஜெயித்த கதை

பூச்சியை விட்டுப் பூச்சியை அடக்குவது பேச்சுக்குத்தான் நல்லாயிருக்கும் என்று நினைப்பவர்களுக்கு, நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

2008-ல் கோவை பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, கத்திரி என்று பல பயிர்களில் பரவியது. உடம்பு முழுக்க மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து ஒட்டவில்லை. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகளைப் பெங்களூரு விஞ்ஞானிகள் வரவழைத்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கியது.

பிறகு மரவள்ளி மாவுப்பூச்சி வந்தபோதும் இதே வழிதான். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விடப்பட்டது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. குளவியை விட்ட வயலில் மறுநாளே மருந்தடித்தால் குளவி செத்துவிடும். பக்கத்துத் தோட்டக்காரர் அடித்தாலும் பாதிப்புதான். அதனால் இது ஒரு ஆள் செய்து ஜெயிக்கிற விஷயம் இல்லை. ஊரே சேர்ந்து செய்யணும்.

வாங்குகிற நமக்கும் பங்கு இருக்கு

சந்தையில் கத்திரிக்காயை எடுத்து, திருப்பி, சின்ன ஓட்டை இருந்தால் ஒதுக்கிவிடுகிறோம். மண்டியில் பத்துக் காயில் இரண்டு சொத்தை என்றால் மொத்த மூட்டைக்கும் விலை இறங்கும். அந்தப் பயம்தான் பறிப்பதற்கு முந்தின நாள் வரை மருந்தடிக்க வைக்கிறது. வெண்டை, கத்திரியை ஒன்றுவிட்டு ஒரு நாள், இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிப்பார்கள். 'மருந்தடித்து ஒரு வாரம் பொறுங்கள்' என்று லேபிள் சொன்னால், காய் முற்றிவிடுமே என்பது அவர்கள் பதில். பறித்த பிறகு அடிப்பது, காய்க்கும் காலத்தில் குறைந்த காத்திருப்பு நாள் கொண்ட மருந்தைத் தேர்ந்தெடுப்பது ஆகியவைதான் இதற்கு நடைமுறை வழிகள்.

குறைவாக மருந்தடித்த காய்க்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் விவசாயி மாறத் தயங்க மாட்டார். இன்றைய சந்தையில் இரண்டு காய்க்கும் ஒரே விலை.

யாரிடம் கேட்பது?

கடைக்குப் போவதற்கு முன் இலவசமாகக் கேட்க இடங்கள் இருக்கின்றன. கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணில் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 'உழவன்' செயலி இருக்கிறது. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம், மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றுக்குப் பாதிக்கப்பட்ட இலையையே கொண்டுபோய்க் காட்டலாம். கொண்டுபோகும்போது இலையை மட்டும் பறிக்காமல், கொழுந்தும் பூவும் இருக்கும் ஒரு கிளையாக, காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மொத்தத்தில், விவசாயிக்கு மருந்து கிடைக்காமல் இல்லை. அது ஊருக்கு ஊர் கிடைக்கிறது. இலையைத் திருப்பிப் பார்த்து "இது பேன், இது சிலந்தி, இதுக்கு இப்போ மருந்து வேண்டாம்" என்று சொல்ல, எதையும் விற்காத ஒரு ஆள்தான் கிடைப்பதில்லை. அந்த ஆளை ஒவ்வொரு ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அரசு செய்யவேண்டிய வேலை. அதுவரை, அடுத்த பாட்டில் வாங்குவதற்கு முன் இலை மேலே சுருண்டிருக்கிறதா, கீழே கவிழ்ந்திருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.